பிள்ளைகளைக் கேட்டுத் திட்டமிடுவோம்

பென்னாகரம் வட்டாரத்தில் நாம் ஆசிரியப் பணியாற்றிய நாளில் மாணவரின் மெலிவே நமது கவலையாயிருந்தது. இன்று மெலிவும் பருமனும் ஒரே வகுப்பில் காணப்படுகின்றன. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயதினருள் 24 விழுக்காட்டினர் மெலிந்தோர். 5 விழுக்காட்டினர் மிகை எடையினர்.

பருமனைத் தடுக்கப் பெரியோர் திட்டம் வகுப்பதும் பிள்ளைகள் கேட்டு நடப்பதுமே வழக்கம். அது போதுமா?

2018 முதல் 2023 வரை 'கோ-கிரியேட்' என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம், நார்வே, நெதர்லாந்து, போலந்து, போர்ச்சுகல், பிரிட்டன் ஆகிய நாடுகளில் 16 முதல் 18 வயதினரையே வழி வகுக்க அழைத்தது. அவ்விளைஞர் வேண்டியவை நான்கு: 18 வயதுக்குட்பட்டோரை நோக்கிய நலங்கெடுக்கும் உணவு விளம்பரங்களை நிறுத்துதல், இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தல், பள்ளியில் செய்முறையோடு உணவுக் கல்வி அளித்தல், வாரம் ஒருமுறையேனும் கட்டணமின்றி உடற்பயிற்சிக்கு ஏற்பாடு செய்தல்.

இதனை அறிந்தபோது நம் நெஞ்சு உறுத்திற்று. பொதுத்தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொண்ட ஆசிரியருள் நாமும் ஒருவர். மாணவரை ஒருமுறை கேட்டிருப்பின், அதைத்தான் முதற்குறையாகச் சொல்லியிருப்பர்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில், தன்னுடன் இணைந்த பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு பணித்தது. அதனை ஆசிரியர் எழுதி மாட்டினால் சுவரில் மற்றுமோர் அறிவிப்பு; மாணவரே ஆக்கினால் பாடம். செய்முறை எளிது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். புட்டியின்மேல் 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்றிருந்தால், 250 மில்லியில் 25 கிராம். அஃதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். அருகிலேயே நம் பகுதியின் கேழ்வரகுக் கூழ், நீர்மோர், சுண்டல் ஆகியவற்றையும் மாணவர் எழுதட்டும்.

ஓர் எச்சரிக்கை. எவருடைய எடையையும் வகுப்பறிய உரைத்தல் கூடாது. சொல்லால் வருத்துதலும் இம்சையே என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிவர்.

பயிற்சி: இல்லத்தில் பிள்ளைகளிடம் இம்மூன்றையும் கேளுங்கள்.

1. பள்ளி வாயிலில் விற்கும் தின்பண்டங்கள் யாவை?

2. இவ்வாரம் விளையாட்டுப் பாடவேளை எத்தனை முறை நடந்தது?

3. உனக்கு அதிகாரம் இருந்தால் பள்ளியில் முதலில் எதை மாற்றுவாய்?

விடைகளைத் திருத்தாது எழுதச் செய்யுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அப்பிள்ளையே எழுந்து படிக்கட்டும். நாம் அமர்ந்து கேட்போம்.