பிளம்ஸ் ஜாம் பிஸ்கட்: மலையில் பதம் வேறு

காந்தல் பகுதியில் பிளம்ஸ் மரம் வைத்துள்ள உழவர் பெருமக்களே! மே, ஜூன் மாதங்களில் பழம் ஒரே சமயத்தில் பழுத்துக் குவிகிறது. காற்றில் உதிர்ந்து அடிபட்டதை வியாபாரி கழித்து விடுகிறார். அழுகாத வரை அப்பழம் ஜாமுக்கு ஏற்றதே. அந்த ஜாமை வைத்து வீட்டிலேயே வெண்ணெய் பிஸ்கட் சுடலாம்.

பழத்தைச் சிறிது நீர் விட்டு வேகவைத்து, தோலும் கொட்டையும் நீங்க வடிகட்டுங்கள். 1 கிலோ கூழுக்கு 1 கிலோ சர்க்கரை சேர்த்துக் கிளறிக் காய்ச்ச வேண்டும். பிளம்ஸில் புளிப்பு உண்டு. சிட்ரிக் அமிலம் தேவையில்லை.

இனிக் கவனம் தேவை. செய்முறைகளில் "105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கவும்" என்றிருக்கும். அது சமவெளிக் கணக்கு. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளதால் இங்கு தண்ணீரே 92–93 டிகிரியில் கொதித்துவிடும். 105 வரை காய்ச்சினால் நீர் மிகுதியாக வற்றி, ஆறியபின் ஜாம் மிட்டாய்போல் இறுகும். பிஸ்கட்டில் வைத்துச் சுட்டால் பல்லைப் பிடித்து இழுக்கும். ஆகவே முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியில் பாருங்கள். அதைவிட 5 டிகிரி கூடுதலே உங்கள் ஊருக்குரிய பதம். காந்தலில் ஏறத்தாழ 97–98. வெப்பமானி இல்லையேல் தராசு போதும். பாத்திரத்தின் எடை போக ஜாம் சுமார் 1.6 கிலோவாகக் குறைந்ததும் இறக்கலாம்.

பிஸ்கட்டுக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. குளிரில் வெண்ணெய் கல்லாக இருக்கிறதே என்று அடுப்பில் உருக்க வேண்டாம். உருகிய வெண்ணெயில் செய்த பிஸ்கட் தட்டில் பரந்து வடிவம் இழக்கும். அடுப்பருகில் சற்று நேரம் வைத்தால் குழையும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கக் குழைத்து, மாவும் உப்பும் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் திரட்டுங்கள். நெல்லிக்காய் அளவு உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்யுங்கள்.

அவன் இல்லாதவர்கள் கனத்த பாத்திரத்தில் 2 அங்குலம் மணல் பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடி 15 நிமிடம் சூடேற்றிக் கொள்ளலாம். முதலில் வெறும் பிஸ்கட்டை 8 நிமிடம் சுடுங்கள். பிறகு குழியில் அரைத் தேக்கரண்டி ஜாம் வைத்து, ஓரம் பொன்னிறமாகும் வரை மேலும் 6, 7 நிமிடம் சுட்டால் போதும். தொடக்கத்திலேயே ஜாம் வைத்தால் அது காய்ந்துவிடும். மணலில் சூடு ஒரே சீராக இராது. முதல் தட்டைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக் கொள்ளுங்கள்.

ஜாமின் ஈரம் இரண்டொரு நாளில் பிஸ்கட்டை நமுத்துப் போகச் செய்யும். தென்மேற்குப் பருவ மழையில் இன்னும் விரைவாக. ஆகவே முழுவதையும் ஒரே நாளில் சுடாமல், ஜாமைப் பாட்டிலில் வைத்திருந்து வேண்டியபோது சுடுவது நல்லது. விற்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.