ஸ்கேனர் சொன்னதும் பெடலைக் கழற்றாதே

நான் தொழில் பழகிய காலத்தில் ஆக்ஸிலேட்டர் என்றால் ஒரு கேபிள். ஒரு முனை பெடலில், மறுமுனை கார்புரேட்டரில். அறுந்தால் கண்ணுக்கே தெரியும். இப்போது பெடலிலிருந்து கிளம்புவது பெரும்பாலும் ஆறு வயர். கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை வோல்ட்டாக்கி, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவுக்குச் சொல்வதுதான் அங்கே இருக்கும் இரண்டு சென்சார்களின் வேலை. புதிதாகப் பட்டறைக்கு வந்திருக்கும் உனக்கு, இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் கஸ்டமரைப் பேச விடு. எல்லோரும் "பிக்கப் இல்லை" என்றுதான் சொல்வார்கள். டீசல் பில்டர் அடைத்தாலும் அதே பேச்சு, டர்போ ஹோஸ் கிழிந்தாலும் அதே பேச்சு. மேடு ஏறும்போது மட்டும் திணறுகிறதா, இல்லை ஓடிக்கொண்டிருக்கும்போதே செக் லைட் எரிந்து, எவ்வளவு மிதித்தாலும் ரேஸ் ஆகாமல் போனதா என்று கேள். சாவியை ஆஃப் செய்து திரும்பப் போட்டதும் சரியாகி, மறுநாள் மறுபடி வந்தது என்றால் பெடல் பக்கம் சந்தேகப்படலாம்.

2. குனிந்து தரைவிரிப்பைப் பார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டு, பெடல் பாதிக்கு மேல் இறங்காத வண்டியை ஸ்கேனர் மாட்டி அரை மணி நேரம் பார்த்தவர்களும் உண்டு. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்ததே பெடல் மேட்டில் சிக்கும் என்பதற்காகத்தான்.

3. ஸ்கேனர் காட்டும் கோட் என்பது தீர்ப்பு இல்லை, புகார். பி2122, பி2127 என்றால் ஒரு சிக்னலின் வோல்ட் குறைவு; பி2123, பி2128 என்றால் கூடுதல்; பி2138 என்றால் இரண்டு சிக்னலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இதில் எங்கேயாவது "பெடலை மாற்று" என்று இருக்கிறதா? பி2122-உம் பி2127-உம் சேர்ந்தே வந்தால் இன்னும் யோசி. ஒரு பெடலுக்குள் இரண்டு சென்சாரும் ஒரே நிமிஷத்தில் சாவது அபூர்வம். கப்ளர் கழன்றிருக்கும், அல்லது எலி வேலை.

4. இதை நான் பாடமாகப் படித்தது என் கைக்காசில். ஒரு டீசல் காரில் பி2138 வந்தது. பார்த்ததும் புதுப் பெடல் போட்டு அனுப்பினேன். அடுத்த மழைக்கு வண்டி கட்டியிழுத்து வந்து வாசலில் நின்றது. பெடலில் ஒன்றுமில்லை. இன்ஜின் ரூமில் இருந்த இசியூ கப்ளரைப் பிரித்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வாட்டர் சர்வீஸில் பம்பை நேராக அங்கேயே பிடித்திருக்கிறார்கள். கான்டாக்ட் கிளீனர், ஒரு புதுப் பின், அரை மணி நேரம், அவ்வளவுதான். பெடல் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கப்ளரை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்க்கிறேன். கப்ளரைக் கழற்றும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீயே புதுக் கோடை உண்டாக்கிவிடுவாய்.

5. இப்போது மீட்டரை எடு. கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அள. வயரைக் குத்தி ஓட்டை போடாதே, அந்த ஓட்டையில்தான் அடுத்த வருஷம் ஈரம் இறங்கும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். இரண்டு வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். இரண்டு எர்த், பேட்டரி நெகட்டிவுக்கும் இவற்றுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மிச்சம் இரண்டும் சிக்னல். பல வண்டிகளில் காலை எடுத்த நிலையில் ஒன்று 0.75 அளவில் இருக்கும், மற்றது அதில் சரிபாதி. முழுக்க மிதித்தால் முதலாவது 4 வோல்ட் பக்கம் போகும், இரண்டாவது 2. எங்கே நிறுத்தினாலும் ஒன்று மற்றதன் பாதியாகவே நிற்க வேண்டும். எல்லா வண்டியும் இப்படி இல்லை. சில ஜப்பான் வண்டிகளில் பாதிக் கணக்குக் கிடையாது, இரண்டுக்கும் நடுவே ஒரே வித்தியாசம் கடைசி வரை கூடவே போகும். மேனுவலைப் பார்த்துக்கொள்.

அளவை விட முக்கியம், மிதிக்கும் விதம். சட்டென்று மிதித்தால் பழுது ஒளிந்துகொள்ளும். பத்து வரை எண்ணிக்கொண்டு மெதுவாக இறக்கு, அதே மெதுவில் ஏற்று. தேய்கிற தடம் உள்ள பழைய வகைச் சென்சாரில், ஊருக்குள் ஓட்டும்போது கால் எப்போதும் நிற்கும் கால் பாகத்தில்தான் தடம் தேயும். அந்த இடம் வரும்போது வோல்ட் ஒரு கணம் விழுந்து எழும். அந்தத் துள்ளலைப் பார்க்க என்னிடம் இன்னமும் ஒரு பழைய முள் மீட்டர் இருக்கிறது, பையன்கள் சிரிப்பார்கள். ஸ்கோப் இருந்தால் அதைப் போடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. காந்தத்தால் வேலை செய்யும் ஹால் வகையில் உரசல் இல்லை. அதற்கு ஓம் வைத்துப் பார்ப்பது வீண்.

6. 5 வோல்ட்டே வரவில்லையா? உடனே இசியூ போச்சு என்று கையை விரிக்காதே. அதே 5 வோல்ட்டை வேறு சென்சார்களும் பங்கு போட்டுக்கொள்ளும். ஏசி பிரஷர் சென்சாரோ வேறொன்றோ ஷார்ட் ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போ. எதைக் கழற்றியதும் 5 திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

7. பிரேக் சுவிட்சையும் பார். பிரேக் மிதித்திருப்பதாக இசியூ நினைத்தால், பல வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை மதிக்காது. பின்னால் ஒருவனை நிறுத்தி ஸ்டாப் லைட்டைப் பார்க்கச் சொன்னால் போதும்.

8. வயர் சரி, எர்த் சரி, 5 வோல்ட் சரி, சிக்னல் மட்டும் துள்ளுகிறது. இப்போது பெடலை மாற்று. பார்ட் நம்பர் ஒத்துப்போகட்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே அளவு வேறாக இருக்கும். மாட்டியதும் கோடை அழித்து, மேனுவல் கேட்டால் புதுப் பெடலை இசியூவுக்குப் பழக்கிவிட்டு, ஸ்கேனரை மாட்டியபடியே பத்து கிலோமீட்டர் நீயே ஓட்டிப் பார். மேடும் வேகத்தடையும் உள்ள ரோடாக எடு.

9. பில்லில் சோதனைக்கான கூலியைத் தனியாக எழுது, தயங்காதே. கழற்றிய பழைய பெடலைப் பேப்பரில் சுற்றி கஸ்டமர் கையில் கொடு. அது அவர் பொருள்.