தங்கப் படிவில் துத்தநாகம்

கோலார் தங்கவயலின் பாறையில் பொன் நுண்துகள்களாகப் பரவியிருந்தது. பாதரசத்தில் ஒட்டாத துகள்களை மீட்க, அரைத்த மணலை நீர்த்த சயனைடுக் கரைசலில் ஊறவைத்தனர். மக்கார்தரும் பாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோ நகரில் 1887-இல் கண்ட முறை இது. பிராணவாயுவின் துணையால் பொன் கரைந்துவிடும்.

கரைந்த பொன்னை மீட்டுத் தருவது துத்தநாகம். அது எலெக்ட்ரான்களை எளிதில் ஈயும் உலோகம். ஆதலின் அது கரைய, பொன் கரும்பொடியாகப் படியும். கணக்கின்படி 65 பங்கு துத்தநாகம் 394 பங்கு பொன்னைப் படிவிக்கும். ஆனால் கரைசலிற் பிராணவாயு எஞ்சியிருப்பின் துத்தநாகம் வீணாகும்; படிந்த பொன்னும் மீண்டும் கரையும். ஆகவே வெற்றிடத்திற் செலுத்திக் காற்றை நீக்கியபின் துத்தநாகப் பொடியைச் சேர்ப்பது நன்று.

மிஞ்சிய துத்தநாகம் படிவிலேயே தங்கும். அதனை அகற்றாமல் உருக்கலாகாது. துத்தநாகம் 907 பாகை செண்டிகிரேடில் கொதிக்கும். பொன்னோ 1064 பாகையில்தான் உருகும். எனவே வெண்புகை எழுந்து பொன்னிற் சிறிதை வாரிச் செல்லும். அதனைச் சுவாசிப்போருக்குக் காய்ச்சல் காணும். எஞ்சிய துத்தநாகம் பாளத்தின் மாற்றைக் குறைக்கும். ஆதலின் படிவை முதலில் நீர்த்த கந்தகாமிலத்தாற் கழுவி, உலர்த்தி, வெண்காரம் சேர்த்து மூசையில் உருக்குவர். கழுவும்போது நச்சுவாயு எழக்கூடுமாதலால் நல்ல காற்றோட்டம் இன்றியமையாதது.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. சயனைடு மணல்மேடுகளோ நகரை ஒட்டி இன்றும் நிற்கின்றன. காற்றடிக்கும்போது அவற்றின் தூசி வீடுகளிற் படிகிறது. அம்மணலில் சிறிதளவு பொன் எஞ்சியுள்ளது. அதனை மீட்க முயல்வோர், தூசியை அடக்கும் வழியையும் உடன் வகுத்தல் வேண்டும்.