பழந்துணி வாங்க முன்கூட்டித் திட்டமிடல்

சிக்கனம் என்பது செலவு செய்யாதிருத்தல் அன்று. காலமறிந்து செலவு செய்தலேயாகும். விதைக்கும் நூலுக்கும் முன்கூட்டித் திட்டமிடும் நம் அங்கத்தினர்களுள் பலர் உடைக்கு அவ்வாறு திட்டமிடுவதில்லை. தேவை வந்து நின்றபின் கடனுக்கோ தவணைக்கோ துணி எடுக்கின்றனர். பிறர் உடுத்திய நல்ல உடையை விலைகொடுத்து வாங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. ஆயினும் வேண்டிய அளவு வேண்டிய நாளில் கிடைக்கும் என்னும் உறுதி பழந்துணிக் கடையில் இல்லை. ஆகவே புதுத்துணியைக் காட்டிலும் பழந்துணிக்கே திட்டம் மிகுதியாக வேண்டும்.

1. காலம்

திருச்செந்தூர் வட்டாரத்தில் துணிச் செலவு மிகும் காலங்கள் இரண்டு. ஒன்று, ஜூன் மாதப் பள்ளி திறப்பு. மற்றொன்று, ஐப்பசியில் தீபாவளியும், அது கழிந்து ஒரு வார அளவில் வரும் சூரசம்ஹாரமும். இவ்விரண்டும் பலருக்கு வருவாய் குன்றும் காலங்கள் என்பது கவனிக்கத்தக்கது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. ஐப்பசி மழையில் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது. தெருவில் பாவு விரிக்க இயலாமல் நெசவும் தடைப்படுகிறது. மானாவாரிப் பருத்தி விவசாயியின் கைப்பணம் உழவுக்கும் விதைக்கும் போய்விடுகிறது. செலவும் முடையும் ஒரே மாதத்தில் கூடும்போதுதான் கடன் பிறக்கிறது.

ஆகவே ஜூனுக்கு வேண்டியதை மாசி, பங்குனியிலும், ஐப்பசிக்கு வேண்டியதை ஆடி, ஆவணியிலும் வாங்கிவைத்தல் நன்று. அரசின் விலையில்லாச் சீருடை பெறும் பிள்ளைகளுக்கு வீட்டு உடையை மட்டும் கணக்கிட்டால் போதும்.

2. இருப்புக் கணக்கு

முதலில் வீட்டிலுள்ள துணிகளை உடுத்தத்தக்கவை, தைத்தால் உதவுபவை, கழிக்க வேண்டியவை என மூன்றாகப் பிரித்து எழுதுக. பின்னர் ஒவ்வொருவருடைய அளவையும் நாடாவால் எடுத்துக் குறித்துக்கொள்க. வளரும் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளலாம். பலமுறை துவைத்த பருத்தி உடை பெரும்பாலும் சுருங்கவேண்டிய அளவுக்குச் சுருங்கி, சாயமும் நிலைத்திருக்கும். பழந்துணியின் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

பிள்ளைகளின் உடை, வயல்வேலைச் சட்டை, விரிப்பு ஆகியவற்றைப் பழையனவாக வாங்கலாம். உள்ளாடைகளைப் புதியனவாகவே வாங்குக.

3. தேர்வும் விலையும்

துணியை வெளிச்சத்தில் பிடித்து இழை நைந்துள்ளதா என்று காண்க. அக்குள், கழுத்துப்பட்டை, தொடைத் தையல் ஆகிய இடங்களை இழுத்துப் பார்க்க. கடற்கரை வெக்கைக்கும் வியர்வைக்கும் பருத்தியே ஏற்றது. ஐயமிருப்பின், கடைக்காரர் இசைவுடன் மடிப்பின் உட்புறத்திலிருந்து ஓரிழை எடுத்துக் கொளுத்துக. பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

ரூ. 100 விலையுள்ள சட்டை நான்கு மாதத்தில் கிழியுமானால் மாதச் செலவு ரூ. 25. ரூ. 240 விலையுள்ளது ஓராண்டு உழைத்தால் மாதச் செலவு ரூ. 20 மட்டுமே. மலிவு வேறு, சிக்கனம் வேறு.

4. தூய்மை

வாங்கியதை உடனே உடுத்தலாகாது. சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனித உடலை விட்டு நீங்கினால் பொதுவாக 2 அல்லது 3 நாட்களுக்கு மேல் உயிர்வாழாது. எனவே துணியை மூன்று முழு நாட்கள் பையில் இறுகக் கட்டிவைத்து, பின்பு துவைத்து வெயிலில் உலர்த்துக. வெந்நீர் தாங்கும் பருத்தித் துணியை அதில் ஊறவைப்பது இன்னும் நல்லது.

5. நெசவாளர் எழுப்பும் கேள்வி

“எல்லோரும் பழந்துணி வாங்கினால் எங்கள் தறி என்னாவது?” என்று நெசவாள அங்கத்தினர் கேட்பது நியாயமே. ஒரு குடும்பம் மாதம் ரூ. 500 வீதம் ஆண்டுக்கு ரூ. 6,000 சேமிப்பதாகக் கொள்வோம். பழந்துணிக்கு ரூ. 2,000, தையலுக்கு ரூ. 500 போக, ரூ. 3,500 எஞ்சும். தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கூட்டுறவுக் கைத்தறி வேட்டியும் சேலையும் ரொக்கத்துக்கு வாங்க இது உதவும். திட்டமின்றித் தவணையில் வாங்குவோரின் பணத்தில் ஒரு பகுதி வட்டிக்குப் போகிறது. அப்பகுதி எந்தத் தறிக்கும் வந்து சேர்வதில்லை. பழந்துணியில் மிச்சமாவது கைத்தறிக்குச் சேரவேண்டும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

வெளிநாட்டில் கழிக்கப்பட்ட ஆடைகளை உரிமமின்றி விற்பனைக்கு இறக்குமதி செய்ய விதிகள் இடந்தருவதில்லை. அது நெசவாளருக்கு ஓர் அரண். துறைமுகத்தை அடுத்து வாழும் நாம், துணி வந்த வழியையும் விசாரித்தே வாங்கவேண்டும்.

தேவையறியாமல் சேரும் துணி குப்பையாகும் என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஒரு சான்று. அதன்பின் நாகப்பட்டினம் பகுதிக்கு அன்புடன் அனுப்பப்பெற்ற பழைய உடைகளுள் பெருமளவு, மக்களின் தேவைக்கும் வழக்கத்துக்கும் பொருந்தாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. இலவசமாக வந்த துணிக்கே அந்நிலை எனில், விலைகொடுத்து வாங்கும் துணிக்குப் பட்டியல் எவ்வளவு இன்றியமையாதது!

உறுப்பினர் வகுப்பில் விவாதிக்க:

1. உங்கள் குடும்பத்தில் வருவாய் மிகும் மாதங்கள் எவை? துணிச் செலவு மிகும் மாதங்கள் எவை?
2. சென்ற ஆண்டு கடனுக்கு வாங்கிய துணியின் ரொக்க விலை என்ன? நீங்கள் செலுத்திய மொத்தத் தொகை என்ன?
3. பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன நல்ல உடைகளை அங்கத்தினர்கள் தமக்குள் மாற்றிக்கொள்ள ஆண்டுக்கு இருமுறை சங்கம் ஏற்பாடு செய்ய இயலுமா?