பெயர் மாறும்வரை வண்டி நம்முடையதுதான்

மதுரையில் பழைய பைக்கை விற்பதற்கு எளிய வழி, ஏதாவது ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் கொண்டுபோய் நிறுத்துவது. பேசி முடித்தால் அன்றைக்கே காசு கைக்கு வந்துவிடும். என்னுடைய 2018 மாடல் பல்சர் 150-ஐ நான் அப்படி விடவில்லை. ஓட்டப்போகிறவருக்கே நேரடியாக விற்றேன். கூடுதலாக ஏழெட்டாயிரம் கிடைத்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. நடுவில் ஒரு கை இருந்தால், அடுத்து யார் ஓட்டுகிறார், எப்போது பெயர் மாற்றுகிறார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

பலர் ஆர்சி புக்கைக் கொடுத்து, நிரப்பாத படிவத்தில் கையெழுத்தும் போட்டு, "சீக்கிரம் மாத்திக்கங்க தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தம்பி மாற்றாமல் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. வண்டி எங்காவது மோதினால் நோட்டீஸ் முதல் ஓனர் வீட்டுக்குத்தான் வரும். நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வாகனம் பல கை மாறிப் போயிருந்தும், ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது தீர்ப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குத்தான் படிவம் 29, படிவம் 30. வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டி என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

அதனால் விற்பனை விளம்பரம் போடுவதற்கு முன்பே பேப்பர் வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஆர்சியில் பதிவாகியிருக்கும் செல்போன் எண் இப்போது நீங்கள் வைத்திருக்கும் எண்தானா என்று பாருங்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அபராத சலான் ஏதாவது நிலுவையில் இருந்தால் கட்டிவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், தவணை முடிந்தது மட்டும் போதாது. ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியையும் படிவம் 35-ஐயும் கொடுத்து ஆர்சியிலிருந்து எச்பி என்ற கடன் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். தவணையெல்லாம் கட்டிப் பல வருடம் ஆகியும் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும் ஆர்சிகள் நிறைய உண்டு. வாங்க வருபவர் அதைப் பார்த்ததுமே பின்வாங்குவார்.

விலையை எப்படி வைப்பது? கன்சல்டிங் ஒன்றில் காட்டி, அவர்கள் என்ன தருவார்கள் என்று கேட்டேன். 38,000 ரூபாய் என்றார்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச்சைத் தொடர வேண்டியதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. புது வண்டியின் விலை இறங்கியதால் பழைய வண்டியின் விலையும் இறங்கத்தான் செய்தது. இதை ஏற்றுக்கொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்பு விற்ற விலையையே பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் வண்டி வாசலிலேயே நிற்கும். 50,000 என்று போட்டேன், 46,000-க்கு முடிந்தது.

விற்பதற்காகச் செலவு செய்வதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. பிரேக் ஷூ, செயின் டைட், எரியாத இண்டிகேட்டர் பல்பு மாதிரிச் சின்ன வேலைகளை முடித்துவிட வேண்டும். பெயின்ட், புது சீட் கவர், ஸ்டிக்கர் எல்லாம் வேண்டவே வேண்டாம். புதிதாக அடித்த பெயின்ட்டைப் பார்த்தால், எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பின் டயர் தேய்ந்திருந்ததை விளம்பரத்திலேயே எழுதினேன். போனில் பேசியவர்கள் அதை வைத்தே விலையைக் குறைத்துக் கேட்டார்கள். ஆனால் நேரில் வந்த யாரும் அதைச் சொல்லி விலையைக் குறைக்கவில்லை.

போனில் வருவோரில் ஒரு வகையினரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார்கள், வண்டியைப் பார்க்காமலே அட்வான்ஸ் தருகிறேன் என்பார்கள், க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடச் சொல்வார்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பேச்சு வந்தவுடன் போனை வைத்துவிடுங்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வாங்க வந்த தம்பி ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்தார். அந்தப் பெரியவர் வண்டியைப் பார்த்த விதம் எனக்குப் பெரிய பாடம். முதலில் புறங்கையை சைலன்ஸரில் வைத்துப் பார்த்தார். "சூடு பண்ணி வைக்கல, சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சூடான எந்த வண்டியும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். காலைக் குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் இன்ஜினின் உண்மை நிலை தெரியும். தம்பியைப் பின்னால் உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, ஃபோர்க்கின் இரு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். லேசான ஆட்டம் இருந்தாலும் கோன் செட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஹேண்டிலை மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் திருப்பி, நடுவில் எங்காவது பிடிக்கிறதா என்று பார்த்தார். தேய்மானம் தெரிய டிஸ்கின் விளிம்பில் நகத்தால் வருடினார். ஹேண்டில் நுனி, ஃபுட்ரெஸ்ட், கிளட்ச் லீவர் மூன்றிலும் ஒரே பக்கம் தேய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்; இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. டயர் ஓரத்தில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் படித்தார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். கடைசியாக சேஸிஸ் எண்ணின் மேலிருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, ஆர்சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார்.

"அண்ணே, ஃபைனல் ரேட் சொல்லுங்க" என்றார் தம்பி.

"மெக்கானிக் அண்ணனே சொல்லட்டும் தம்பி" என்றேன். அவர் சொன்ன தொகைக்கும் நான் மனதில் வைத்திருந்ததற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு நானும் பின்னால் உட்கார்ந்தே போனேன். தனியாக அனுப்புவதானால் வாங்க வந்தவரின் வண்டியும் சாவியும் நம்மிடம் இருக்க வேண்டும். முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்த நாளிலேயே இருவரும் சேர்ந்து ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனோம். விண்ணப்பம் ஏற்கப்பட்ட ரசீது வந்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். டெலிவரி நோட் இரண்டு பிரதி. தேதியோடு மணியையும் எழுத வேண்டும், ஏனென்றால் வண்டி எப்போது கை மாறியது என்பதற்கு அதுதான் சான்று. ஆதார் நகலின் குறுக்கே "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்சூரன்ஸில் பலர் கைவிட்டுவிடும் பணம் ஒன்று இருக்கிறது. க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் என்சிபி தள்ளுபடி வண்டிக்கு உரியது அல்ல, ஓனருக்கு உரியது. அதிகபட்சம் 50 சதவீதம் வரை போகும். விற்றதும் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டியில் பயன்படுத்தலாம்.

அடுத்த வண்டியைத் தேடும்போது, முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குவதே நல்லது என்பேன். இடையில் பஸ்ஸில் போனால் போகிறது; அவசரம் இல்லாதவர்தான் நின்று பேரம் பேச முடியும்.

ஆசை கிளாசிக் 350 மேல்தான் இருந்தது. அந்த இன்ஜின் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிறது. தினமும் இரவில் வாசல் சாய்தளத்தில் வண்டியை ஏற்றி உள்ளே விட வேண்டும். 195 கிலோவை அந்தச் சரிவில் தள்ளிப் பார்த்தால்தான் எடை என்றால் என்ன என்று புரியும். இன்னொன்று அம்மா. எழுபதைத் தாண்டியவர், சேலையோடு ஒருபக்கமாகத்தான் உட்காருவார். ஷோரூமில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முடிவெடுப்பதால் பயனில்லை. பின்னால் உட்காரப்போகிறவரைக் கூட்டிப்போக வேண்டும். ஸ்ப்ளிட் சீட் வைத்த ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே, "இதுல பிடிக்க என்னடா இருக்கு?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு பார்த்த யூனிகார்ன் பைக்கின் நீண்ட ஒற்றை சீட், கைப்பிடி, சேலை கார்டு அவருக்குச் சரியாக இருந்தன. 140 கிலோ அளவிலான எடை எனக்குச் சரியாக இருந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் ஏபிஎஸ்ஸும் உண்டு.

செகண்ட் ஹேண்டில்தான் தேடினேன். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளை மட்டும் பார்த்தேன். அவை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. போன இடத்திலெல்லாம் அந்தப் பெரியவர் என் வண்டியில் செய்ததையே செய்தேன்: புறங்கை, ஃபோர்க், நகம், டயர் எண். ஒரு வீட்டில் நான் போவதற்குள் இன்ஜின் சூடாக இருந்தது. மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னேன். வர வேண்டாம் என்றார்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போனதால் பல அலைச்சல் மிச்சமானது. பழைய விலையையே சொன்னவர்களிடம் புது வண்டியின் இன்றைய ஆன்ரோடு விலையைக் காட்டினேன். பெரும்பாலும் இறங்கி வந்தார்கள்.

வாங்கியவர் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு விற்பனையோடு சேர்ந்தே வந்துவிடும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்தைக் கோரும்போதுதான் பெயர்ப் பொருத்தம் பார்ப்பார்கள். வண்டியை எடுக்கும்போது இரண்டாவது சாவியையும் சர்வீஸ் புக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஓனர் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார் என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், இன்ஜின் ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டர் அளவை சர்வீஸ் புக்கில் எழுதி வையுங்கள். அடுத்து விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.