ஆஸ்டராய்ட்ஸ் பெட்டியைத் திறக்கும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரிக்குப் பக்கத்துக் கிடங்கைக் காலி செய்யும்போது நீ கேட்டு வாங்கி வந்திருக்கிறாயே, அந்தப் பெட்டி அட்டாரி நிறுவனத்தின் ஆஸ்டராய்ட்ஸ்தான். 1979 நவம்பரில் வந்த விளையாட்டு. லைல் ரெயின்ஸ் யோசனை சொல்ல, எட் லாக் நிரல் எழுதினார். காசு போட்டு ஆடும் அட்டாரி பொறிகளில் அதிகம் விற்றது இதுதான். நிறைய விற்றதால் இன்றும் அமெரிக்காவின் கிடங்குகளிலும் நிலவறைகளிலும் அகப்படுகிறது. நிறையக் கிடைக்கிறதே என்ற அலட்சியத்தில் பலர் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வதும் நடக்கிறது.

“புதுசு மாதிரி ஆக்க எவ்வளவு நாள் ஆகும் சித்தப்பா?” என்று கேட்டிருந்தாய். புதுசு மாதிரி ஆக்க வேண்டாம் அம்மா. ஓட வை, அது போதும். பழுதான பாகத்தை மட்டும் மாற்று. மற்றதை இருந்தபடி விடு.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அதே 1979இல் அட்டாரி ‘லூனார் லேண்டர்’ என்று இன்னொரு விளையாட்டை விற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்டராய்ட்ஸுக்குக் கிராக்கி ஏறியதும் லூனார் லேண்டர் உற்பத்தியை நிறுத்திவிட்டு, அதற்காகச் செய்து வைத்திருந்த பெட்டிகளில் ஆஸ்டராய்ட்ஸைப் பொருத்திக் கடைகளுக்கு அனுப்பினார்கள். பக்கவாட்டில் நிலாவில் இறங்கும் கலத்தின் படமும் உள்ளே ஆஸ்டராய்ட்ஸும் இருக்கும் பெட்டியைப் பார்த்தால், யாரோ கலந்து கட்டியது என்றுதான் தோன்றும். அந்தப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய அச்சை ஒட்டுகிறவர் ஒரு வரலாற்றுச் சான்றை அழித்துவிடுகிறார். உன் பெட்டியின் பக்கங்களில் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. 80களில் கடைக்காரர்கள் விளையாட்டை மாற்றும்போது இப்படிப் பூசிவிடுவது வழக்கம். அடியில் என்ன படம் இருக்கிறது என்பதை ஓரமாக ஒரு சிறு மூலையில் மட்டும் சோதித்துப் பார். அதைத் தெரிந்துகொள்ளும் வரை உப்புத்தாளைக் கையில் எடுக்காதே.

இனி வேலைக்கு வருவோம். மின்கம்பியைச் செருகாமல் பின்கதவைத் திற. எலிக்கூடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே திற. அமெரிக்காவில் எலிப் புழுக்கையால் கடுமையான நுரையீரல் நோய் வரக்கூடும். ஆகவே கூட்டித் தூசி கிளப்பாமல், கிருமிநாசினியால் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுத் துடைத்து எடு. கடித்த கம்பிகள், கறுத்த இணைப்புகள், யாரோ முறுக்கிக் கட்டிய ஒட்டுப்போட்ட ஒயர்கள் எல்லாவற்றையும் படம் எடு. எந்தக் கம்பி எங்கே போயிற்று என்பதற்கு ஒரு மாதம் கழித்து அந்தப் படம்தான் உன் சாட்சி.

அடுத்தது பிக்சர் டியூப். இதை அவசரமில்லாமல் படி. டியூபின் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு தடித்த கம்பி இறங்கும். ஓடும்போது அதில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். அணைத்த பிறகும் டியூப் அந்த மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். நல்ல காப்புள்ள, நீளமான திருப்புளியின் உலோகத் தண்டில் ஒரு ஒயரைக் கிளிப்பால் மாட்டி, மறுமுனையை முதலில் மானிட்டரின் உலோகச் சட்டத்தில் மாட்டு. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடு. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் இதயத்தைக் கடந்துதான் போகும். மற்றக் கையால் திருப்புளியை ரப்பர் மூடிக்குள் மெல்லச் செருகி உள்ளிருக்கும் கொக்கியைத் தொடு. ‘பட்’டென்று சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை செய். முதல் தடவை தனியாகச் செய்யாதே. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். டியூபின் பின்புறக் கழுத்து மெல்லிய கண்ணாடி. அதில் ஸ்பானர் தட்டிக் கீறல் விட்டால் காற்று புகுந்துவிடும், டியூப் அத்தோடு போயிற்று.

இந்த டியூபுக்காக நான் இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. டி.வி. போல வரி வரியாகப் படம் வரைகிற மானிட்டர் இல்லை இது. எலக்ட்ரான் கற்றை நேராகப் புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போய்க் கோடு இழுக்கும். ஆட்டத்தில் வரும் பாறைகளின் விளிம்பு கொஞ்சமும் படிக்கட்டு போலத் தெரியாது. கப்பல் சுடும் குண்டு இருட்டில் ஊசிமுனை போல ஜொலிக்கும். இந்த விளையாட்டின் நிரலைக் கம்ப்யூட்டரில் ஓட்டலாம், ஓட்டவும் செய்கிறார்கள், அது நல்ல பணிதான். ஆனால் தட்டைத் திரையில் அந்த ஒளி வராது. 2024இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் தன் உலக வீடியோ கேம் பெருமைப் பட்டியலில் ஆஸ்டராய்ட்ஸைச் சேர்த்தது. அந்தப் பெருமையில் பாதி இந்த ஒளிக்கு உரியது என்பது என் கருத்து.

மின்சாரத்தைப் படிப்படியாகக் கொடு. கேம் போர்டையும் மானிட்டரையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பகுதியின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு சரிதானா என்று கையேட்டோடு ஒப்பிடு. யாராவது ஒருவர் அளவு மீறிய ஃபியூஸைப் போட்டிருப்பார். பின்கதவு திறந்திருந்தால் மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு, அது வேலை செய்கிறதா பார். பெரிய கெப்பாசிட்டர் வீங்கியோ கசிந்தோ இருந்தால் மாற்று. மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அளவு குறையக் கூடாது, கூட்டல் கழித்தல் முனைகள் மாறக் கூடாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கேம் போர்டில் உள்ள 6502 சில்லுக்கு 5 வோல்ட் வேண்டும், 4.75க்குக் கீழே போனால் தாறுமாறாக நடக்கும். அந்த 5 வோல்ட்டைத் தருவது ஆடியோ ரெகுலேட்டர் போர்டு. தான் அனுப்பிய வோல்ட் கேம் போர்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தனி ஒயர்கள் வழியாக அது பார்த்துக்கொண்டே இருக்கும். இடையில் உள்ள இணைப்பு அழுக்காக இருந்தால் குறைவாகத் தெரியும்; உடனே இன்னும் தள்ளும், சூடாகும், ரெசிஸ்டர் கருகும். வோல்ட் குறைகிறதே என்று ரெகுலேட்டர் போர்டில் உள்ள திருகியை முறுக்கி ஏற்றினால் நிலைமை மோசமாகும். முதலில் இணைப்பைச் சுத்தம் செய். போர்டு விளிம்பின் செப்புப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடை. கறுத்த பின்களை மாற்று. அதன் பிறகு மீட்டரைக் கேம் போர்டின் மேலேயே வைத்து அளந்து திருகியைத் தொடு.

மானிட்டரின் சர்க்யூட் போர்டில் ஒயர்கள் செருகும் பின்களைச் சுற்றிலும் ஈயம் வெடித்திருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எல்லாவற்றுக்கும் புது ஈயம் வை. முதல் தடவை ஓடவிடும்போது வெளிச்சத்தைக் குறைத்து வை. கற்றையை அசைக்கும் சர்க்யூட் பழுதாக இருந்தால் அது நடுவில் ஒரே புள்ளியில் நின்று, திரையின் பூச்சையே சுட்டுவிடும். அப்படிப் புள்ளி தெரிந்தால் அந்த நொடியே அணை.

காசுக் கதவுக்கு உள்ளே ஒரு சோதனை ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் பொறி தன்னையே சோதித்துக்கொண்டு, நினைவகம் கெட்டிருந்தால் ஒலியால் சொல்லும். 1981இல் வந்த டிஃபெண்டர் போன்ற பொறிகளில் பேட்டரி கசிந்து போர்டையே அரித்திருக்கும். உன்னுடையதில் பேட்டரி கிடையாது, அந்த மட்டில் நல்லது. அதனாலேயே அணைத்தவுடன் மதிப்பெண் பட்டியலும் அழிந்துவிடும். அதைச் சேமித்து வைக்கும் துணைச் சில்லுகளை விற்கிறார்கள், வேண்டாம் என்பேன்.

மரவேலை எளிது. ஈரத்தில் உப்பிய அடிப்பலகையை மட்டும் வெட்டி எடுத்துப் பிளைவுட் கொடு. பிரிந்து நிற்கும் மற்ற முனைகளில் பசை விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் பிடித்துக்கொள்ளும்.

கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் பையில் போட்டு, தேதியும் மாற்றிய காரணமும் எழுதி, பெட்டிக்குள்ளேயே வை. உனக்குப் பின் அதைத் திறக்கிறவர் எது அட்டாரி செய்தது, எது நீ செய்தது என்று பிரித்தறிய வேண்டும். டியூபைத் தொடும் நாளை முன்கூட்டியே சொல், நான் போனில் இருக்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா