கண்ணுக்குள் ஊறும் நீர்: புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இப்போது கல்லூரிகளுக்குக் குறைவில்லை. நூம்பலில் 2017இல் அரவிந்த் கண் மருத்துவமனையும் வந்துவிட்டது. உடலியங்கியலோ ஆப்டோமெட்ரியோ படிக்கும் பிள்ளைகள் கண் நீர் அழுத்த நோயை, அதாவது குளுக்கோமாவைப் பற்றிக் கேட்க என்னிடம் வருகிறார்கள். பாடம் நடத்தி ஓய்ந்தவள் நான். எல்லோருக்கும் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் ஓர் ஆட்டுக்கண்ணை வெட்டிப் பாருங்கள், புத்தகப் படம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் தருவார்கள். புரட்டாசியில் போய் நிற்காதீர்கள். ஐஸில் வைத்து எடுத்துவந்து, குறுக்கே பாதியாக வெட்டி, முன்பாதியைப் பின்பக்கமிருந்து பாருங்கள். லென்ஸைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு மடிப்புகள் தெரியும். மனிதக் கண்ணில் அவை சுமார் 70. நம் பாடம் முழுவதும் அந்த மடிப்புகளைப் போர்த்திய மெல்லிய தோலில்தான் இருக்கிறது. பின்பாதியில் நீலமும் பச்சையுமாக ஒன்று மின்னும். ஆட்டுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

2. கண்ணீர் வேறு, அந்தத் தோல் கண்ணுக்குள் சுரக்கும் இந்த நீர் வேறு. முகாமில் ஒருவர் "கண்ணுல தண்ணி வருதும்மா" என்றால் அது வெளியே வழிவது. உள்ளே ஊறுவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர். கண்ணின் முன்னறை கொள்வதோ 250 மைக்ரோலிட்டருக்குள்தான். அப்படியானால் எவ்வளவு நேரத்தில் பழைய நீர் போய்ப் புதுநீர் வரும்? கணக்கை நீங்களே போடுங்கள். ரத்தக்குழாய் இல்லாத லென்ஸுக்கும் கருவிழியின் உட்பக்கத்துக்கும் ஊட்டம் இந்த நீரிலிருந்துதான் போகிறது.

3. இதில்தான் அதிக நாள் உட்கார வேண்டும். அந்தத் தோல் இரண்டு அடுக்கு. ரத்தக்குழாய்ப் பக்கம் நிறமுள்ள செல்கள், நீர் சேரும் பக்கம் நிறமற்ற செல்கள். கரு வளரும்போது கண்கிண்ணம் உள்ளே மடிந்ததால் இரண்டு அடுக்கும் தலையோடு தலை முட்டி நிற்கின்றன. உடம்பில் இப்படி ஓர் அமைப்பு அபூர்வம். இரண்டையும் இணைப்பவைதான் கேப் ஜங்ஷன்கள். ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளின் பொதுச்சுவரில் வாசல் வைத்த மாதிரி. ஆறு கனெக்சின் புரதங்கள் வளையமாகக் கூடினால் பாதிக் குழாய். எதிர்ச் செல்லின் பாதியோடு பொருந்தினால் முழு வழி. அயனிகளும், சுமார் 1000 டால்டன் வரையுள்ள சின்ன மூலக்கூறுகளும் அதில் கடந்துபோகும்.

சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் ரத்தப் பக்கமிருந்து நிறச்செல்லுக்குள் ஏறுகின்றன. அந்த வழியாக நிறமற்ற செல்லுக்கு வருகின்றன. அங்கே சோடியத்தைப் பம்பு வெளியே தள்ளுகிறது, குளோரைடு தன் சானல் வழியே போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. நிறமற்ற செல்களை ஒன்றோடொன்று இறுக்கும் டைட் ஜங்ஷன் இருப்பதால் பக்கவாட்டில் கசிவது சொற்பம். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் எலியின் நிறச்செல்களிலிருந்து கனெக்சின் 43 என்ற ஒரே புரதத்தை நீக்கினார்கள். நீர்ச்சுரப்பு குறைந்து கண் அழுத்தமும் இறங்கியது. உடனே "அதை அடைக்கிற மருந்து செய்யலாமே" என்று துள்ளாதீர்கள். இதயத்தின் கீழறைத் தசைச் செல்களையும் அதே கனெக்சின் 43தான் இணைத்து வைத்திருக்கிறது.

4. "சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் நீர் கூடும்" என்று நோட்டில் அம்புக்குறி போடாதீர்கள். 1978இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிமோலால் சொட்டு மருந்து பீட்டா ஏற்பியை அடைத்து, அந்தச் செய்தி மூலக்கூறு உண்டாவதைக் குறைக்கிறது. அழுத்தம் இறங்குகிறது. நம் சேலம் மாவட்டத்து விவசாயிகள் பயிரிடும் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலின் அதே மூலக்கூறைக் கூட்டுகிறது. 1983இல் முயல், குரங்கு, மனிதக் கண்களில் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். அதிலும் அழுத்தம் இறங்கியது! மாட்டுக் கண்ணின் தோலில் இந்த மூலக்கூறைக் கூட்டினால் குளோரைடு கடப்பது குறைகிறது. கேப் ஜங்ஷன்கள் மூடிக்கொள்வது அதற்கு ஒரு விளக்கம். டிமோலால் வேறு வழியிலும் வேலை செய்யக்கூடும் என்பது இன்னொரு வாதம். எந்த அடுக்கில், எந்தக் கதவில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிச்சு இதுதான். அவிழ்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

5. எந்த விலங்கின் கண் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். முயலில் பைகார்பனேட்டுக்குப் பங்கு அதிகம், மாட்டில் குளோரைடுக்கு.

6. நோய்க்குக் காரணம் நீர் அதிகமாகச் சுரப்பது என்று நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் சுரப்பு சரியாகவே இருக்கும். வெளியேறும் சல்லடைத் திசுவில்தான் தடை. வடிகாலைச் சரிசெய்வது கடினமாக இருந்ததால், 1954இல் அசெட்டசோலமைடு மாத்திரை வந்த நாளிலிருந்து சுரப்பைக் குறைத்தே சமாளித்தோம். 1996இல் லட்டானோபிராஸ்ட் வந்தபின் வெளியேற்றத்தைக் கூட்டும் மருந்துகள் முன்னே வந்தன.

7. சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை. மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கும். டிமோலால் எழுதியிருந்தால் "வீசிங் உண்டா?" என்று கேட்காமல் விடாதீர்கள். சொட்டு விட்டபின் மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரவு வேளைச் சொட்டைப் பற்றியும் யோசியுங்கள்: தூக்கத்தில் சுரப்பு தானாகவே பாதியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் டிமோலால் மேற்கொண்டு குறைப்பது ஏதுமில்லை.

8. அம்மன் கோயிலுக்குக் கண்மலர் சாத்த வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நோய் தெரிந்து வருகிறவர்கள் அவர்கள். சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களும் சேர்ந்திருந்தன. 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் கிராமத்தில் 1.6 சதவீதம் பேருக்கும், நகரத்தில் 3.5 சதவீதம் பேருக்கும் திறந்தகோணக் குளுக்கோமா இருந்தது. அவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. கண்மலர் வாங்கும் பாட்டியிடம் கேட்க வேண்டியது வேறு: "எந்தச் சொட்டு போடுறீங்க பாட்டி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, பாட்டிலைத் திறந்து மாசம் ஆயிடுச்சா?" கூடவே, "வீட்ல அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பிள்ளைங்க யாராவது கண் அழுத்தம் பார்த்திருக்காங்களா?"